பதினேழாம் கட்டுரையின் படம்

தொலைத்தவன் நான். ஆகவே கடல் தாண்டிப் போய்த் தேட வேண்டியவனும் நான்தான் என்று அச்சகத்தில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். வேறு எந்த விஷயத்திலும் அங்கே ஒருமனது ஏற்பட்டு நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் ஒரு கணித மாநாடு நடந்தது. பல தேசத்து அறிஞர்கள் வந்து, நான்கு நாள் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் படித்த கட்டுரைகளைத் திரட்டி ஒரே தொகுதியாக அச்சிடும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. இத்தகைய தொகுதிகளைப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பெரும்பாலோர் தங்கள் கட்டுரையை மட்டும் படிப்பார்கள். எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவன் பிழை திருத்துபவன் ஒருவன்தான். அது நான். எனக்குக் கணிதம் தெரியாது. ஆனால் இருபது வருடப் பழக்கத்தில், ஒரு சமன்பாட்டின் முகத்தைப் பார்த்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

தொகுதியில் மொத்தம் பதினெட்டுக் கட்டுரைகள். பதினேழாவது, காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாராக இருந்த ஏகாம்பரம் எழுதியது. மற்றவர்கள் பெயருக்குக் கீழே பல்கலைக்கழகம் இருந்தது. இவர் பெயருக்குக் கீழே தெருப் பெயர் இருந்தது. மாநாட்டு மதியச் சாப்பாட்டில் நானும் அவரும் மேசையின் கடைசியில் சேர்ந்தோம். அவரை யாருக்கும் தெரியாது, என்னை யாருக்கும் தேவையில்லை. தட்டில் வைத்த இடியப்பத்தைப் பார்த்து, "எங்க வூட்ல இதப் பாத்தா சாப்புட மாட்டாங்க சார். சிக்கெடுக்க ஒக்காந்துடுவாங்க" என்றார். மனைவி பட்டு நெய்கிறவர் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு நாளும் எங்கள் இருவருக்கும் வேறு துணை இல்லை.

அவருடைய கட்டுரையின் உயிர் ஒரு படம். இருபத்துநான்கு வரிசை, வரிசைக்கு இருபத்துநான்கு கட்டம். சில கட்டங்கள் கறுப்பு, சில வெள்ளை. தொகுதியின் பதிப்பாசிரியரான பேராசிரியர் என் தரத்துக்கு இறங்கி வந்து விளக்கினார். கட்டங்களை ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்பட்டு நிரப்பினால், இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்துத்தான் வரும் என்று பெரிய பெரிய ஆட்கள் நம்பியிருந்தார்களாம். ஏகாம்பரம், ஒத்து வராமலும் நிரப்ப முடியும் என்று ஒரே ஒரு படம் போட்டுக் காட்டிவிட்டார். அந்தப் படம் இல்லையென்றால் கட்டுரை வெறும் வாய்ப்பேச்சு.

அந்தப் படத்தைத்தான் நான் தொலைத்தேன். வேறொரு கட்டுரையாளர் தன் அசல் படங்களைத் திருப்பிக் கேட்டிருந்தார். நான் ஒழுங்கான ஆள் அல்லவா, உடனே கட்டி அனுப்பினேன், ஏகாம்பரத்தின் படத்தையும் சேர்த்து. தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு தாளும் இருந்ததாகவும், அதைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் அவர் மிகவும் பணிவாகப் பதில் எழுதினார்.

இன்னொரு படம் கேட்டு ஏகாம்பரத்துக்கு எழுதினேன். மஞ்சள் காமாலை வந்து, மாநாட்டுக்குப் பிறகு மூன்றாம் மாதமே அவர் இறந்துவிட்டார் என்று ஒரு அஞ்சலட்டை வந்தது. மாதக் கடைசி வரை பொறுப்பதாகவும், அதற்குள் படம் வராவிட்டால் பதினேழாம் கட்டுரையை எடுத்துவிடப் போவதாகவும் பேராசிரியர் சொன்னார். ஏகாம்பரம் வாழ்நாளில் எழுதியது அது ஒன்றுதான். விடுமுறை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

கப்பலிலும் சுங்கத்திலும் எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. செங்கல்பட்டில் வண்டி மாறிய பிறகு நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் நான் தூங்குவதே இல்லை என்று எதிரே இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். கண் விழித்தபோது அரக்கோணம். காஞ்சிபுரம் எப்போதோ வந்து போய்விட்டது. எதிரே இருந்தவர் காஞ்சிபுரத்தில் இறங்கியிருக்கிறார், என்னை எழுப்பாமல். பஸ்ஸில் ஒரு வாழைத்தார் மேல் சாய்ந்தபடி நின்றுகொண்டே திரும்பி வந்தேன்.

கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். காலையில் ராஜ வீதி ஓட்டலில் இட்லி கேட்டால், மிளகும் சுக்கும் மணக்க, பெரிய உருளையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை இலையில் வைத்தார்கள். நான் அறிந்த இட்லிக்கு அது பெரியப்பா முறை. நன்றாகவே இருந்தது. பால் இல்லாமல் தேநீர் கேட்டதும் பரிமாறுகிறவர் என் முகத்தை ஊன்றிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, நான் மலையாளம் என்று பக்கத்து மேசைக்கு அவரே அறிவித்தார். தாய்மொழி பேசுகிற ஊரில் வந்து அந்நியனாவது புது மாதிரியான தனிமை.

வெளியே வந்தால் பட்டுக்கடைத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரன் வந்தால் இரண்டே காரணம். சாமி, அல்லது கல்யாணச் சேலை. "பொண்ணுக்கா சார்? தங்கச்சிக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கூட வந்தார். யாருக்கும் இல்லை என்றேன். "யாருமே இல்லியா?" என்று நின்றுவிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் என் அறையில் பதினாறு வருடமாக ஒற்றை ஆளாக இருக்கிறேன். யாரும் இப்படி நடுத்தெருவில் வைத்து அதை என்னிடம் கேட்டதில்லை.

ஏகாம்பரத்தின் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்துக்கு வழி கேட்டதற்கு லாட்ஜ்காரர், தறிச் சத்தம் வருகிற தெருவாகப் பார்த்துப் போனால் போதும் என்று சொல்லியிருந்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு தறியும் சத்தம் போடவில்லை. அன்றைக்கு அமாவாசை, நெசவாளர்கள் தறியில் உட்காராத நாள் என்பது ஒரு சைக்கிள் கடையில் விசாரித்தபோது தெரிந்தது. நான் தேடி வந்த தெருவை அதற்குள் மூன்று முறை கடந்திருந்தேன்.

ஏகாம்பரத்தின் வீடு பூட்டியிருந்தது. அவர் மனைவி தனபாக்கியம் கோயிலுக்குப் போயிருப்பதாகவும் சாயங்காலம் வரும்படியும் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். சாயங்காலம் போனேன். தனபாக்கியத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கதவருகே நின்றுகொண்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒரே தறியில் சேர்ந்து நெய்கிறவர்கள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தொலைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். தனபாக்கியம் வேறொன்று கேட்டார்.

"அங்க அவரு நல்லா பேசினாரா சார்?"

அவர் பேசிய அன்று நான் மண்டபத்துக்குள்ளேயே போகவில்லை. வெளியே கைப்பிரதிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். மிக நன்றாகப் பேசினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றேன். அச்சில் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட வேண்டாத இடத்தில் விடாதவன் நான். அந்தப் பொய் தானாக வந்தது.

கணவர் கணக்கையெல்லாம் சிலேட்டில்தான் போடுவார், முடிந்ததும் துடைத்துவிடுவார், வீட்டில் ஒரு தாளும் இல்லை என்று தனபாக்கியம் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, யோசித்து, கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது என்றார். சேலைக் கரைக்குப் புதிதாக ஏதாவது வரைந்து தரும்படி அவர்தான் கணவரைக் கேட்டாராம். கொழும்புக்குப் போகுமுன் ஒரு நாள் அவர் கிராப் தாளில் கறுப்புக் கட்டங்களாக நிரப்பிக் கொடுத்தாராம். அந்தத் தாள் அட்டை குத்துகிற குப்புசாமியிடம் இருக்கும்.

கரையில் விழுகிற பூவுக்கும் கொடிக்கும் தறி மேல் ஒரு பெட்டி உண்டு. அதில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றிவரும். கிராப் தாளில் உள்ள கட்டத்தைப் பார்த்து அந்தத் துளைகளைப் போடுகிறவர் குப்புசாமி. திருப்பருத்திக்குன்றத்தில் இருந்தார்.

மறுநாள் காலை சைக்கிள் ரிக்‌ஷாவில் கிளம்பினேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். நேற்று செத்துக் கிடந்த தெருதானா இது என்று இருந்தது. என் அறையில் எந்நேரமும் கடல் சத்தம் கேட்கும், ஆனால் கடலுக்குப் பின்னால் ஆள் இல்லை. இங்கே ஒவ்வொரு சத்தத்துக்குப் பின்னாலும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரிக்‌ஷாவின் சங்கிலி மூன்று முறை கழன்றது. மூன்றாம் முறை ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் தள்ள, நான் கூட நடந்தேன். மலையாள தேசத்தில் மழை எப்படி என்று அவர் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவைத்தேன்.

குப்புசாமி வெளியே போயிருந்தார். காத்திருக்கும் நேரத்துக்கு அங்கே உள்ள சமணக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். விதானம் முழுக்க ஓவியம். வரிசை வரிசையாக மனிதர்கள், யானைகள். தொழில் புத்தி விடுமா, எங்கே பிழை என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்ததே மிச்சம். வேறு ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை. யாராவது வந்து, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்டால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

குப்புசாமி வந்து, குந்துங்க சார் என்று உபசரித்து, பரணிலிருந்து ஒரு கட்டுத் தாளை இறக்கினார். நான்காவது தாளைத் தொட்டதுமே "இதான் வாத்தியாரு போட்டது" என்றார். இருபத்துநான்கு வரிசை, இருபத்துநான்கு கட்டம். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் எப்படியோ, வலது பக்கமும் அப்படியே. முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தது போல. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஒட்டு.

"மொதல்ல அவரு போட்ட மேனிக்கே குத்திக் குடுத்தேன் சார். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி இருந்துச்சு. தறியில ஒரு சேலை ஓடுச்சு, கடையில தள்ளிட்டாங்க. படிச்ச மனுஷன், கட்டம் எண்ணுறதுல கை தவறியிருக்கும்னு நானே அந்தப் பாதிய வெட்டிப் போட்டுட்டு, இந்தப் பாதியயே திருப்பிப் போட்டு ஒட்டிட்டேன். இப்ப பாருங்க, எவ்ளோ அழகா இருக்குது."

அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. கரை என்றால் இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும் என்பது அவர் கற்ற தொழில். பெரிய கணித மேதைகள் நம்பியதும் அதுதானே. வெட்டிப்போட்ட பாதி எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் அப்போதே போய்விட்டதாம். பழைய அட்டைகள்? அடுப்புக்குப் போயிற்றாம். எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் திருத்தியவனைத் தொலைத்தவன் திட்டுவது எந்த ஊர் நியாயம்? அடக்கிக்கொண்டு, இந்தத் திருத்தம் வாத்தியாருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"காட்னேன் சார். பாத்துட்டுச் சிரிச்சாரு."

அவர் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் ஓட்டின் நிழலைத் தாண்டும்போதுதான் புத்தியில் உறைத்தது. ஒரு சேலை ஓடியது என்றாரே, தள்ளப்பட்ட அந்தச் சேலை எங்கே? திரும்பிப் போய்க் கேட்டேன். வாத்தியார் வீட்டிலேயேதான் கிடக்கும், தள்ளின சேலையை யார் எடுப்பார்கள் என்றார் குப்புசாமி.

அன்று தனபாக்கியம் வீட்டில் இல்லை, நூல் வாங்கப் போயிருந்தார். லாட்ஜில் வந்து படுத்தேன். தட்டில் சோறு பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஊரில் என்றால் தேங்காய்ப்பால் விட்ட ஒரு சொதியைக் கேட்டிருக்கலாம். ஒரு சேலைக்குள் ஒரு கணிதக் கட்டுரை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. லாட்ஜ்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். சேலை வேண்டுமென்றால் தன் மைத்துனர் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்றார்.

மூன்றாம் நாள் காலை போனபோது இரண்டு பெண்களும் தறியில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் சத்தம் நின்றது. அந்தச் சேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனபாக்கியம் எழுந்து, ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த சேலையை எடுத்துப் பாய் மேல் விரித்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை. கரை நெடுகிலும் ஜரிகையில் அந்தப் படம், ஒன்றை அடுத்து ஒன்றாக, சேலையின் நீளம் முழுவதும்.

நான் மண்டி போட்டு உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்தேன். இடது பாதிக்கும் வலது பாதிக்கும் ஒட்டு உறவு இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வந்துவிட்டது. கிராப் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணி நிரப்பத் தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து தனபாக்கியம் பேசிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நாள் நெய்த சேலையாம். கடையில் விரித்துப் பார்த்துவிட்டுக் கரை கோணல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்களாம். இத்தனை வருடத்தில் அவர் நெய்தது ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லையாம்.

"மூலையில ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன் சார். அவரு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தாரு. கரைய விரிச்சு வெச்சுக்கினு வெரலால எண்ணிக்கினே போனாரு. அப்பால என்னைப் பாத்து, 'இந்த ஊர்ல சரியா நெய்த சேலை இது ஒண்ணுதான்'னாரு. ஆறுதலா ஒரு வார்த்த பேசத் தெரியாத மனுஷன் சார் அவரு. எங்கம்மா செத்தப்பகூட ஒண்ணும் சொல்லத் தெரியாம நின்னாரு. அன்னிக்கி ஒரு நாளு எனக்காக வாயத் தொறந்து சொன்னாரு."

நான் தலை நிமிராமல் இருபத்துநான்காம் வரிசையை நிரப்பி முடித்தேன். தேடியது கிடைத்த சந்தோஷம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அவர் கண்டுபிடித்த படம் இதுதான், கோணலாக இருப்பதுதான் இதன் சிறப்பு, குப்புசாமி ஒட்டியதில் நெய்தவை எல்லாம் தவறு, கணக்குப்படி உலகத்திலேயே சரியான சேலை இது ஒன்றுதான் என்று பேராசிரியர் எனக்குச் சொன்னதையெல்லாம் கொட்டினேன். பெரிய பரிசு ஒன்றை அவர் கையில் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

தனபாக்கியம் கரையின் மேல் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்போ எனக்காகச் சொல்லலியா அவரு."

பக்கத்து வீட்டு அம்மா எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார். இருபது வருடமாகப் பிறர் எழுத்தில் வேண்டாத சொல்லை எடுத்து எடுத்துப் பழகியவன், என் வாயிலிருந்து விழுந்ததை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தனபாக்கியத்திடம் இருந்த ஒரே ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கணிதத் தேற்றத்தைக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் கையை விட்டு அனுப்பக் கூடாது. அன்றைக்கு அந்தப் பாயில் இன்னொரு முறை குனிந்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் சேலையை மடிக்கவில்லை. நான் தெருவுக்கு வந்த பிறகும் தறிச் சத்தம் தொடங்கவில்லை.

மறுநாள் புறப்பட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் அதே தரகர் கூட வந்தார். இந்த முறை அவர் யாருக்கென்று கேட்கவில்லை. வெயிலாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். திரும்பும் வழியில் நான் தூங்கவே இல்லை, ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கொழும்பில் பேராசிரியர் என் படத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, நிபந்தனைக்குப் பொருந்தவில்லை என்றார். ஒரு கட்டம் எங்கேயோ இடிக்கிறது. உங்கள் கண் தவறியதா, அல்லது அவர் கணக்கே தவறா என்று எனக்குத் தெரியாது என்றார். எந்தக் கட்டம் என்று ஊகிக்க முடியாதா என்று கெஞ்சினேன். ஊகம் இருக்கிறது, ஆனால் இறந்துபோனவர் பெயரில் என் ஊகத்தை அச்சிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எந்தக் கட்டம் என்று சொல்லி என் கண்ணையும் கெடுக்க மாட்டாராம்.

ஆக, கடைக்காரர்கள் சொன்னதும் குப்புசாமி நினைத்ததுமே சரியாகிவிடும் போல இருந்தது. வாத்தியாருக்குக் கை தவறிவிட்டது. அப்படியானால் தனபாக்கியத்துக்கு ஆறுதலும் இல்லை, தேற்றமும் இல்லை.

வேறு வழி இல்லாமல் படத்தை அச்சுக்கட்டையாக்கி, பிழை பார்ப்பதற்கு ஒரு மெய்ப்புத்தாள் எடுத்தேன். கட்டுரையாளர் பார்த்து ஒப்புதல் எழுதுவதற்கென்று அந்தத் தாளின் அடியில் எப்போதும் ஒரு கோடு விட்டிருப்போம். அதைத் தனபாக்கியத்துக்கு அனுப்பினேன். சேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மட்டும் எழுதினேன். முதலில் நீளமாகத்தான் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் கணவர் அந்தப் படத்தை மாநாட்டுக்குக் கொடுக்கும் முன்பே உங்கள் தறிக்குக் கொடுத்துவிட்டார், முதலில் கிடைத்தது உங்களுக்குத்தான் என்றெல்லாம். படித்துப் பார்த்தேன். ஆறுதல் சொல்வது போலவே இருந்தது. எனக்கு இனி அந்த உரிமை இல்லை என்று கிழித்துப் போட்டேன்.

மாதம் முடிய இன்னும் மூன்று நாள்தான் என்றாகியும் பதில் வரவில்லை. தினமும் தபால்காரருக்கு முன்னால் நான் போய் அச்சக வாசலில் நின்றேன். கடைசி நாளுக்கு முதல் நாள் உறை வந்தது.

உள்ளே மெய்ப்புத்தாள் நான்காக மடித்திருந்தது. விரித்தால் ஒரு வெள்ளைக் கட்டத்தின் நடுவே சிவப்புப் பட்டு நூல் ஒன்று ஊசியால் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். பென்சிலில் பெரிய பெரிய எழுத்து.

'ஐயாவுக்கு, நீங்கள் பார்த்த இடத்தில் ஜரிகை அறுந்திருந்தது. மற்ற இடம் எல்லாம் முந்தானை வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இந்தக் கட்டம் நிரம்பி இருக்கிறது. நூல் கட்டிய இடத்தில் கறுப்புப் போடவும். அவர் சரி என்று சொன்னது அப்படித்தான் இருக்கும்.'

தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு ஓடினேன். அவர் நூல் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தன் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். பென்சிலால் அவர் சுழித்து வைத்திருந்தது அதே கட்டம். பதினேழாம் கட்டுரையை எடுத்து அச்சுக்குப் போகிற கட்டின் மேல் வைத்தார்.

தொகுதி வெளிவந்து எத்தனையோ வருடமாகிறது. படத்துக்குக் கீழே, சேலைக் கரையிலிருந்து எடுத்து ஒப்பிட்டுத் தந்தவர் என்று தனபாக்கியத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த மெய்ப்புத்தாளை அச்சகத்தில் கோப்பில் சேர்க்கச் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை, என் அறையில் வைத்திருக்கிறேன். ஒப்புதலுக்கு விட்டிருந்த கோட்டின் மேல் அதே பென்சிலில் ஒரு சொல்லும் ஒரு பெயரும் இருக்கின்றன.

சரி. தனபாக்கியம்.